இரண்டு சீட் காரும் மூன்று பேர் குடும்பமும்

இங்கிலாந்தின் ரெடிங்கில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 34, மனைவி, மூன்று வயது மகள், வீட்டு வாசலில் ஒரு ஹேட்ச்பேக். ஜப்பான் கம்பெனிகளின் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருப்பதில் என்ன நல்லது, என்ன கெட்டது என்பது கேள்வி. மனதில் இருப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5. கையில் 8,000 பவுண்ட். 2009-ல் பதிவான, 72,000 மைல் ஓடிய, மடங்கும் ஹார்ட்டாப் வைத்த வண்டி ஒன்றைப் பார்த்தும் வைத்திருக்கிறார். ஆனால் விஷயம் அவருடைய கடைசி வரியில்தான் இருக்கிறது: "ஹேட்ச்பேக்கைக் கொடுத்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொண்டால் சமாளிக்க முடியுமா?" ஆக, அவர் கேட்பது இந்தக் கார் நல்லதா என்று அல்ல. அது நல்ல கார் என்று அவருக்கே தெரியும். வாங்கி ஆறு மாதத்தில் வருத்தப்படுவேனா என்றுதான் கேட்கிறார். அதற்குப் பதில் சொல்கிறேன், நல்லது கெட்டது வழியில் தானாக வந்துவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கோவையில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, அங்கேயே ஒரு பட்டறையில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து வந்தவன். இருபது வருடமாக இங்கே கார்களுக்கு அடியில்தான் பிழைப்பு. அதில் பாதிக்கு மேல் எம்ஓடி சோதனையும் செய்கிறேன். (மூன்று வயதைத் தாண்டிய கார்கள் ஆண்டுக்கொரு முறை தேற வேண்டிய பரீட்சை அது.) சொந்தமாக இரண்டு எம்எக்ஸ்-5 வாங்கியிருக்கிறேன். முதலாவது ஏமாந்து வாங்கியது, இரண்டாவது பார்த்து வாங்கியது. அது இன்னமும் என்னிடம் இருக்கிறது. ரேஸ் டிராக்கில் ஓட்டி எனக்குப் பழக்கம் இல்லை, இன்சூரன்ஸ் கணக்கும் என் தொழில் அல்ல. அந்த இரண்டைப் பற்றி நான் சொல்வதை ஒரு வாடிக்கையாளர் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கார் பிறந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. மழை பெய்தால் உள்ளே ஒழுகும், மழை இல்லாவிட்டால் ஆயில் ஒழுகும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே சின்னத் திறந்த கார்களை வைத்து மகிழ்ந்தவர்கள் ஆங்கிலேயர்கள். எம்ஜி, டிரையம்ஃப், லோட்டஸ் எலான் எல்லாம் அந்த வகை. 1980-ல் அபிங்டனில் இருந்த எம்ஜி ஆலையையே மூடிவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், அந்த மாதிரி எளிய கார் ஒன்றை நீங்கள் செய்யக் கூடாதா என்று கேட்டிருந்தார். பத்து வருடம் கழித்து, 1989 பிப்ரவரியில், சிகாகோ கண்காட்சியில் கார் வந்தது. ஹிரோஷிமாவில் செய்து, ஆயில் ஒழுகாத நிலையில், ஆங்கிலேயர்களுக்கே திருப்பி விற்றார்கள். அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் முதலில் யூனோஸ் ரோட்ஸ்டர், இங்கே எம்எக்ஸ்-5. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது இதுதான். நான்கு தலைமுறைகள்: 1989 முதல் என்ஏ, 1998 முதல் என்பி, 2005 முதல் என்சி, 2015 முதல் என்டி. நீங்கள் பார்த்து வைத்திருப்பது என்சி.

சந்தேகமே இல்லாத ஒன்றில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஓட்டும் சுகம். கேள்விப்பட்டதைவிட அதிகமாகவே இருக்கும். இன்ஜின் பெரிது என்பதால் அல்ல. முதல் 1.6 லிட்டர் வண்டியில் 115 குதிரைத்திறன்தான், இன்றைக்குச் சாதாரண குடும்பக் காரிலேயே அதற்கு மேல் உண்டு. காரணம் எடை. என்ஏ ஒரு டன்னுக்கும் குறைவு, என்டி ஒரு டன்னை ஒட்டி, நடுவில் வந்த என்சி அதைவிடக் கொஞ்சம் கனம். அந்தக் குறைந்த எடையையும் முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரித்துவிட்டார்கள். இன்ஜின் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கும். பின்சக்கரங்கள் தள்ளும், முன்சக்கரங்களுக்குத் திருப்புவது மட்டுமே வேலை. கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீளமான அலுமினியச் சட்டம் இணைக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இடையில் எதுவும் நெளியாமல் உடனே பின்சக்கரத்துக்குப் போகிறது. "ஜின்பா இட்டாய்" என்பார்கள் மாஸ்டாக்காரர்கள், குதிரையும் ஓட்டுபவனும் ஓருடல் என்று அர்த்தம். விளம்பரப் பேச்சுதான், ஆனால் பொய் இல்லை.

இதில் நடைமுறை லாபம் ஒன்று இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. நம் ஊரிலும் சரி, இங்கேயும் சரி, முந்நூறு குதிரைத்திறன் காரை அதன் முழு பலத்துக்கு ஓட்ட ரோடு கிடையாது. 70 மைல் வேக வரம்புள்ள மோட்டார்வேயில் அது தூங்கிக்கொண்டு போகும். எம்எக்ஸ்-5 அப்படி இல்லை. இரண்டு பக்கமும் வேலி வைத்த கிராமத்துச் சாலையில் 45 மைல் வேகத்தில், சட்டத்துக்குள், யாரையும் பயமுறுத்தாமல், முழுக் காரையும் பயன்படுத்துகிறோம் என்ற திருப்தி கிடைக்கும். கியர் லீவர் மணிக்கட்டு அசைவிலேயே விழும். ரெடிங்கில் இருந்து அரை மணி நேரத்தில் பெர்க்ஷயர் டவுன்ஸ் மேட்டுச் சாலைகளுக்குப் போய்விடலாம். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூரையைத் திறந்துவிட்டு ஒரு சுற்று சுற்றி வாருங்கள், பிறகு என்னோடு வாதம் செய்ய மாட்டீர்கள். குளிர்காலத்திலும் திறக்கலாம். ஹீட்டரைக் காலுக்குத் திருப்பி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, தலையில் ஒரு குல்லா போட்டால் போதும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். இங்கே இதை முடிவெட்டுகிறவர்களின் கார் என்று கிண்டல் செய்யும் பழக்கமும் உண்டு. எங்கள் பட்டறையில் அப்படிக் கிண்டல் செய்தவர்களில் இரண்டு பேர் பின்னால் வாங்கினார்கள்.

மெக்கானிக்காகப் பார்த்தால் இது வேலை செய்ய இஷ்டமான கார். பானெட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று தெரியும், ஸ்பேனர் உள்ளே போகும். என்ஏ, என்பி இரண்டிலும் டைமிங் பெல்ட், 60,000 மைலுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். என்சி, என்டி இரண்டிலும் செயின், அந்தச் செலவு கிடையாது. கார் எடை குறைவு என்பதால் டயரும் பிரேக் பேடும் நிதானமாகத் தேயும், டயர் அளவும் சின்னது, விலை பயமுறுத்தாது. என் என்சி கேலனுக்கு 33 மைல் கொடுக்கிறது, சாதாரணப் பெட்ரோல்தான் போடுகிறேன். தொல்லைகள் தெரிந்த தொல்லைகள். பின்பக்க பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் இறுகிக்கொள்ளும், ஹேண்ட்பிரேக் ஒழுங்காகப் பிடிக்காது. பழைய வண்டிகளில் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகும், ஐம்பது பவுண்டுக்குள் முடிகிற சமாச்சாரம். என்சியில் ஆயில் மட்டத்தை ஓனர்தான் கவனிக்க வேண்டும். டேஷ்போர்டில் விளக்கு எரியும் என்று காத்திருந்து இன்ஜினையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் அந்தக் கதி வராது.

ஆகவே இன்ஜினைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். இந்தக் காரைக் கொல்வது தண்ணீர். இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூரையில் விழும் மழை எங்கே போகிறது? பின்னால் வழிந்து, சீட்டுகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு வாய்க்காலில் விழுகிறது. அங்கிருந்து சீட் பெல்ட் தூண்களை ஒட்டி, இடது வலது இரண்டு பக்கமும் ஒவ்வொரு வடிகால் கீழே இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியே விடுகிறது. இரண்டு மூன்று இலையுதிர் காலம் ஒரு மரத்தடியில் நின்றால் சருகும் சேறும் சேர்ந்து அந்த ஓட்டை அடைத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீருக்கு வேறு வழி வேண்டும். கார்ப்பெட்டில் இறங்கும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான சில் பகுதிக்குள் புகும். வெளியே இருந்து பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே இருந்து இரும்பு மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். குளிர்காலத்தில் இங்கே ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள், அது கீழே இருந்து தன் பங்கைச் செய்யும். என்ஏ, என்பி இரண்டிலும் சில்லின் பின்கோடியும் பின்சக்கர வளைவும்தான் முதலில் போகும் இடம். என்பிக்குக் கூடுதலாக இன்னொரு இடம் உண்டு. இன்ஜினுக்குக் கீழே முன்பக்கச் சேஸிஸ் கால்கள் (வண்டியைத் தாங்கும் நீள இரும்புச் சட்டங்கள்) துருப்பிடிக்கும், அது அடித்தட்டு பிளாஸ்டிக்குக்கு மேலே மறைந்திருப்பதால் வெளியே தெரியாது.

எம்ஓடியில் தேறிவிட்டதே என்று விற்பவர் சொல்வார். அதைச் சோதிக்கிற ஆளாகவே சொல்கிறேன், அந்தச் சான்றிதழை முழுவதாக நம்பாதீர்கள். சோதனையின்போது எந்த மூடியையும் தட்டையும் கழற்ற எங்களுக்கு அனுமதி இல்லை. கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம். சஸ்பென்ஷனும் சீட் பெல்ட்டும் பொருந்துகிற இடத்தில் இருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் பலம் குறைகிற அளவு துரு தெரிந்தால் ஃபெயில் போடுவோம். மேலே பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, அதற்கு மேல் கறுப்பு ரப்பர் பூச்சும் கொடுத்துவிட்டால் அந்த வருடம் தப்பிவிடும். அடுத்த வருடம் யார் ஓனரோ அவர் அழுவார்.

நானே அழுதிருக்கிறேன். 2009-ல் ஒரு தனியாரிடம் 2001 மாடல் என்பி வாங்கினேன். நல்ல பச்சை நிறம், உள்ளே பழுப்புத் தோல் சீட். அன்றைக்கு மழை, தரையெல்லாம் ஈரம். இன்ஜின் சத்தத்தைக் கேட்டேன், கியர் போட்டுப் பார்த்தேன், கம்ப்ரெஷன்கூடச் சோதித்தேன். தரையில் படுத்து அடியில் பார்க்கவில்லை. புதுச் சட்டை போட்டிருந்தேன் என்பதைத் தவிர அதற்கு ஒரு காரணமும் இல்லை. ஏழு மாதம் கழித்து என் பட்டறையிலேயே ரேம்ப்பில் ஏற்றி, சில்லில் ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினேன், முனை உள்ளே போய்விட்டது. இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தேன். கூலி மிச்சம், ஆனால் மூன்று சனிக்கிழமைகள் போயின. வெளியே கொடுத்திருந்தால் ஒரு பக்கத்துக்கே சில நூறு பவுண்ட், பெயின்ட்டோடு சேர்த்து இரண்டு பக்கமும் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். அந்த வண்டியின் விலையே அன்றைக்கு அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதில் இருந்து ஒரு பழக்கம் வந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை, வளையக்கூடிய தடிமனான பிளாஸ்டிக் நரம்பை அந்த வடிகாலில் மேலிருந்து விட்டுச் சுத்தம் செய்து, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கீழே வருகிறதா என்று பார்ப்பேன். பத்து நிமிட வேலை.

என்சியில் துரு இந்த அளவு மோசம் இல்லை. ஆனால் இருக்கிறது: பின்சக்கர வளைவு, பிரேக் குழாய்கள், சஸ்பென்ஷன் போல்ட்டுகள். இந்த போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிவிட்டால் வீல் அலைன்மென்ட் செய்ய வருகிறவர் கை விரித்துவிடுவார், வெட்டித்தான் எடுக்க வேண்டும். மடங்கும் ஹார்ட்டாப் வண்டிக்கும் இதே வடிகால் பிரச்சினை உண்டு, கூரை தகரம் மாதிரி இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம். மற்றபடி அந்தக் கூரை நல்ல ஏற்பாடு. பன்னிரண்டு விநாடியில் மடங்கி சீட்டுகளுக்குப் பின்னால் போய்விடும், டிக்கி இடத்தைத் தொடாது. துணிக் கூரையைவிடச் சத்தம் குறைவு, கத்தியால் கிழிக்கவும் முடியாது. துணிக் கூரை வண்டியில் நூறு பவுண்ட் ரேடியோவுக்காகக் கூரையைக் கிழிக்கிற திருடர்கள் உண்டு, கூரை மாற்ற அதைப்போல் பல மடங்கு ஆகும். அதனால் துணிக் கூரை வைத்திருக்கும் சிலர் உள்ளே ஒன்றும் வைக்காமல் கதவைப் பூட்டாமலே விட்டுப் போகிறார்கள். இன்சூரன்ஸ்காரரிடம் கேட்காமல் நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

இப்போது வீட்டுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கேள்வி அங்கேதான் இருக்கிறது. இரண்டு சீட் என்பதன் அர்த்தம் வாங்குகிற அன்றைக்குப் புரியாது. உங்கள் வீட்டில் மூன்று பேர். இந்தக் காரில் நீங்கள் மூவரும் சேர்ந்து ஒரு நாளும் எங்கேயும் போக முடியாது. யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், அல்லது ரயிலில் வர வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. மூன்று வயதுக் குழந்தையை முன் சீட்டில் உரிய சைல்ட் சீட் போட்டு உட்கார வைக்கச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் பின்னோக்கி உட்காரும் வகை சீட் என்றால், எதிரே ஏர்பேக் இயங்கும் நிலையில் இருக்கவே கூடாது. முன்னோக்கி உட்காரும் வகையிலும் சீட்டை முடிந்தவரை பின்னுக்குத் தள்ள வேண்டும், இந்தக் காரில் பின்னுக்குத் தள்ள அதிக இடம் கிடையாது. எந்த சைல்ட் சீட் பொருந்தும் என்பதை அந்த வண்டியின் மேனுவலில் பார்த்து, சீட்டைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

சாமான் விஷயம். என்சி டிக்கி 150 லிட்டர், என்டியில் 130. விமானத்தில் கையோடு எடுத்துப் போகும் பெட்டி இரண்டு வைக்கலாம். 23 கிலோ பெட்டி உள்ளே போகாது. ஊரில் இருந்து மாமனார் மாமியார் வந்து ஹீத்ரோவில் நான்கு பெட்டியோடும் ஊறுகாய் டப்பாவோடும் நிற்கும்போது இந்தக் காரை எடுத்துப் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அரிசி மூட்டையைப் பக்கத்து சீட்டில் வைத்தால், ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்தும். நான் மூட்டைக்கு பெல்ட் போட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். அப்புறம் என்சியிலும் என்டியிலும் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் ஒட்டும் திரவமும் காற்றடிக்கும் பம்பும்தான். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அந்தத் திரவம் உதவாது, வண்டியைத் தூக்கிப் போகத்தான் ஆள் வர வேண்டும். என் அம்மா வந்திருந்தபோது ஒரு தடவை உட்கார வைத்தேன். ஏறுவது பெரிய பாடில்லை. இறங்கத்தான், கதவைப் பிடித்து, என் கையைப் பிடித்து, "இது என்னடா, தரையில உட்கார்ந்து எழுந்திருக்கிற மாதிரி இருக்கு" என்றார். முட்டி வலி இருக்கிறவர்களுக்கு இது ஆகாது. உங்கள் உயரம் ஆறடிக்கு மேல் என்றால் கூரையை மூடிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு என்டிக்கு 2015-ல் நான்கு நட்சத்திரம் கொடுத்தது, மோசமான மதிப்பெண் அல்ல. ஆனால் தாழ்வான கார், லாரிக்காரரின் கண்ணாடியில் சுலபமாக மறைந்துபோகும். மோட்டார்வேயில் லாரியின் பின்சக்கரம் உங்கள் காது மட்டத்தில் சுற்றும். அதன் பக்கத்தில் தங்காமல் முந்துங்கள், அல்லது பின்னால் இருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் மோட்டார்வே என்றால் காதில் ஒரு இரைச்சல் மிச்சமிருக்கும், இறங்கின பிறகும். பனி விழும் நாட்களில் எடை குறைந்த பின்சக்கர இழுவைக் கார் கோடை டயரோடு வெளியே போக வேண்டாம். நான் ஆல்-சீசன் டயர் போட்டிருக்கிறேன், தென் இங்கிலாந்துக்கு அது போதுமாக இருக்கிறது.

பணம். என்சிக்கு ஆண்டு வரி கரியமில வாயு அளவை வைத்து வரும், 2 லிட்டர் வண்டிக்குச் சில நூறு பவுண்ட் ஆகும். 2001 மார்ச்சுக்கு முன் பதிவான வண்டிகளுக்கு இன்ஜின் அளவுதான் கணக்கு, எல்லை 1,549 சிசி. அதனால் 1.6 லிட்டர் என்ஏ கூட மேல் கட்டணத்தில்தான் விழும். நீங்கள் ரெடிங்கில் இருந்தாலும் லண்டனில் ஈஸ்ட் ஹாம், வெம்ப்ளி பக்கம் கடைக்கோ கோயிலுக்கோ போவீர்கள். அதிகம் புகைவிடும் பழைய வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் யூலெஸ் திட்டம் 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதுக்கும் வந்துவிட்டது. 2006-க்கு முந்தைய பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட். உங்கள் 2009 என்சிக்கு அந்தத் தொல்லை இல்லை. என்ஏவின் மேலெழும் ஹெட்லைட்டில் மயங்கி அந்தப் பக்கம் போவதாக இருந்தால் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. இங்கே 1995-க்குப் பிறகு விற்ற 1.6 என்ஏ வண்டிகளில் சக்தியை 90 குதிரைத்திறனாகக் குறைத்துவிட்டார்கள், பேட்ஜைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இன்சூரன்ஸ் உங்கள் பின்கோடு, உங்கள் உரிமத்தின் வயது, வண்டி இரவில் நிற்கும் இடம் இதையெல்லாம் பொறுத்தது. வாங்குவதற்கு முன் அந்தக் குறிப்பிட்ட நம்பருக்கே விலை கேளுங்கள். இரண்டாவது காராக, வருடத்துக்கு 4,000 மைல் என்று வரம்பு சொன்னால் குறைத்துத் தந்தவர்கள் உண்டு, எனக்கே தந்தார்கள்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி சொல்வதில் உண்டு. பழைய எம்எக்ஸ்-5 விலை ஏறுகிறது, வாங்கி வைத்தால் முதலீடு என்கிறார்கள். துருவே இல்லாத, மாற்றம் எதுவும் செய்யாத ஆரம்பகால என்ஏ ஏறியிருக்கிறது, உண்மை. 72,000 மைல் என்சி அப்படி ஏறும் என்று நான் நம்பவில்லை. அதிகம் இறங்காமல் நிற்கும், அவ்வளவுதான். என்டி ஆரம்பகால வண்டிகளில் சிலவற்றில் கியர்பாக்ஸ் போனது, பிறகு உள்பாகங்களை மாற்றினார்கள். அதற்காக எல்லா 2016 வண்டியும் ஆபத்து என்று சொல்வது மிகை என்பது என் அபிப்பிராயம். இரண்டாவது கியர் சத்தமில்லாமல் விழுகிறதா என்று பார்த்தால் போதும். ஆட்டோமேட்டிக் வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. முட்டி வலியோ லண்டன் டிராஃபிக்கோ காரணம் என்றால் சரி. மற்றபடி இந்தக் காரில் பாதி சுகம் அந்த கியர் லீவரில்தான் என்பது என் பிடிவாதம், வேறு விதமாக நினைப்பவர்களோடு சண்டைக்கு வர மாட்டேன்.

ஜப்பான்காரர்களின் மற்ற இரண்டு சீட் கார்களைப் பற்றி ஓரிரு வார்த்தை. ஹோண்டா எஸ்2000-ன் 2 லிட்டர் இன்ஜின் டர்போ இல்லாமல் 240 குதிரைத்திறன் கொடுக்கும், 9,000 சுற்று வரை ஏறும். அற்புதமான இயந்திரம், ஆனால் உங்கள் பட்ஜெட்டில் வருவது வாங்கக் கூடாத வண்டியாக இருக்கும். டொயோட்டா எம்ஆர்2-வின் மூன்றாம் தலைமுறையில் இன்ஜின் நடுவில், ஓட்ட மிக நன்று. ஆனால் டிக்கி என்று சொல்லவே ஒன்றும் இல்லை, ஆரம்ப வண்டிகளில் ஆயில் குடிக்கும் வியாதியும் உண்டு. நிஸான் 350இசட் வேறு ஜாதி: 3.5 லிட்டர் வி6, ஒன்றரை டன், செலவும் அதற்கேற்ப. மூன்றிலும் குழந்தைப் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

ஆக என் பதில்: ஹேட்ச்பேக்கைக் கொடுத்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்வது வேண்டாம். முதல் மழைக்கால வாரத்திலேயே வீட்டில் சண்டை வரும், பழி காரின் மேல் விழும், நஷ்டத்தில் விற்பீர்கள். இப்படி வந்து விற்றுப்போன எம்எக்ஸ்-5 ஐந்தாறு எங்கள் பட்டறை வாசலில் நின்றிருக்கின்றன. ஹேட்ச்பேக் அப்படியே இருக்கட்டும். 8,000-ஐயும் முழுதாக வண்டியில் போடாமல் 6,500-க்குள் நல்ல என்சி ஒன்றைப் பிடித்து, மீதியை டயர், பிரேக், அடிப்பாகத்துக்குத் துரு தடுக்கும் மெழுகுப் பூச்சு என்று வையுங்கள். நிறுத்த இரண்டாவது இடம் இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் சொல்லவில்லை. ரோட்டோரம், மரத்தடி என்றால் யோசியுங்கள். இன்னொன்று, வாங்கினால் ஓட்டுங்கள். கோடைக்கு மட்டும் என்று ஆறு மாதம் மூடி வைத்தால் பேட்டரி இறங்கும், காலிப்பர் இறுகும், வடிகால் அடைத்தது தெரியாமலே போகும். வாரம் ஒரு நாள் அரை மணி நேரமாவது ஓட வேண்டும்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டியைப் பற்றி. 2009-ல் வந்த மாற்றத்தில் 2 லிட்டர் இன்ஜினின் உள்பாகங்களை வலுப்படுத்தினார்கள், அந்த வருடம் நல்ல தேர்வு. முதல் வேலையாக அரசாங்க இணையதளத்தில் நம்பரைப் போட்டு அதன் எம்ஓடி வரலாற்றை எடுங்கள், காசு கிடையாது. பாஸ் ஃபெயிலைவிட 'அட்வைசரி' (ஃபெயில் இல்லை, ஆனால் கவனியுங்கள் என்ற குறிப்பு) என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒரு வருடம் 'துரு' என்று எழுதி, அடுத்த வருடம் அந்த வரி காணாமல் போயிருந்தால், ஒன்று ஒழுங்காக வெல்டிங் செய்திருக்கிறார்கள், இல்லை பூசி மறைத்திருக்கிறார்கள். செய்ததற்கு பில் கேளுங்கள். மைல் கணக்கும் வருடா வருடம் அதில் இருக்கும், 72,000 ஒழுங்காக ஏறி வந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய சட்டை, ஒரு டார்ச், விரித்துப் படுக்க ஒரு அட்டை எடுத்துக்கொண்டு போங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். கூரையை மூன்று தடவை திறந்து மூடச் சொல்லுங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். இரண்டு சீட்டையும் முன்னால் தள்ளி, பின்னால் இருக்கும் கார்ப்பெட்டை உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பாருங்கள். கை ஈரமானால், விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.